மருத்துவச் செலவும் புதிய கருவிகளும்

புதிய கருவிகள் வந்தால் மருத்துவச் செலவு குறையுமா? குறையும் என்பார் சிலர். கூடும் என்பார் பலர். ‘செலவு’ என்று இவர்கள் எதனைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கவேண்டும், நண்பர்களே!

சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவை எடுத்துக்கொள்வோம். அப்பல்லோ மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது. அங்குள்ள மருத்துவமனையைப் பெருநகர வல்லுநர்களோடு செயற்கைக்கோள் வழியாக இணைத்த தொலைமருத்துவ நிலையத்தை, 2000 மார்ச்சில் ஐதராபாத் வந்திருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். இ.சி.ஜி.யும் எக்ஸ்ரே படமும் விண்வழியே சென்றன. நோயாளி ஊரிலேயே இருந்தார்.

இதனால் மிச்சமானது யாது? அறுவைக் கட்டணம் அன்று. சித்தூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். உழவர் ஒருவர் அங்கே வைத்தியம் பார்க்கச் சென்றால் துணைக்கும் ஒருவர் வேண்டும். இருவருக்கும் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம். போதாக்குறைக்கு இரண்டு மூன்று நாள் கூலியும் போயிற்று. மருத்துவமனை தரும் பில்லில் இவை ஏறுவதில்லை. கடன் வாங்க வைப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு. தொலைமருத்துவம் குறைப்பது இந்தச் செலவைத்தான். அறுவை வேண்டுமென்று வல்லுநர் சொல்லிவிட்டாலோ, பேருந்து ஏறத்தான் வேண்டும்!

கோடிக்கணக்கில் விலைகொடுத்து வாங்கும் எம்.ஆர்.ஐ. பொறியின் கதை வேறு. அது சும்மா கிடந்தால் உடையவருக்கு நட்டம். ஆகவே சாதாரணத் தலைவலிக்கும், “எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்களேன்” என்ற சொல் எளிதில் பிறந்துவிடுகிறது.

மருத்துவக் கட்டணத்தையே இறக்கிய கருவியும் உண்டு. கண்புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் சிறு வில்லைதான் அது. லண்டனில் ரிட்லி என்னும் மருத்துவர் 1949இலேயே அதனைப் பொருத்திக் காட்டிவிட்டார். ஆயினும் நெடுங்காலம் அது நமக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. வெளிநாட்டு வில்லை ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். ஏழைகளுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடியே கதி. 1992இல் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் அதனை மதுரையிலேயே செய்யத் தொடங்கியது. விலை 10 டாலருக்கும் கீழே வந்தது. அறிவியல் பழையதே! உள்ளூரில் செய்ததும், ஏராளமானோருக்கு ஒரே ஒழுங்கில் அறுவை செய்ததுமே இங்குப் புதுமை. 2019 முதல் அம்மருத்துவமனை திருப்பதியிலும் இயங்குகிறது. வில்லை விலையோடு, மதுரைக்குப் போய்வரும் செலவும் சித்தூர்ப் பக்கத்தாருக்கு இப்போது மிச்சம்.