கையின் நாணும் ஏட்டின் எண்ணும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடையும்போது வெண்மையான உப்புக் குவியல்களைக் காண்பார்கள். பாத்தி பாத்தியாக வகுத்த அளத்தில் உவர் நீர் தேங்குகிறது. வெயில் அந்நீரைப் பருகிவிட, உப்பு அடியிலே படிகிறது. இவ்வளவும் இயற்கை செய்யும் வேலை. படிந்த உப்பை நீண்ட பிடியுள்ள பலகையால் வாரி, வரப்பிலே சேர்த்து, கூடையில் அள்ளித் தலையிலே சுமந்து அம்பாரமாகக் கொட்டுவது மனிதருடைய வேலை. அவ்வேலையின் பாரம் முழுவதையும் தாங்குபவை தோளும் கையுமே.

அந்தக் கைக்கு ஊறு நேர்ந்தால், அதை மருத்துவ ஏட்டில் எவ்வாறு எழுதுகிறோம்? எழுதியதை எவ்வாறு எண்ணாக மாற்றுகிறோம்? சிறிய செய்தியாகத் தோன்றும் இதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருக்கக்கூடும்.

முதலில் உடலின் அமைப்பைப் பார்ப்போம். முழங்கையை மடக்கும்போது மேற்கையின் முன்புறத்தில் திரளும் தசைக்கு இருதலைத் தசை என்று பெயர். தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறு தசைநாண் எனப்படும். இருதலைத் தசைக்கு மேற்புறத்தில் இரண்டு நாண்கள் உள்ளன. அவற்றுள் நீண்டது தோள் மூட்டின் உள்ளிருந்து புறப்பட்டு, மேற்கை எலும்பிலுள்ள ஒரு பள்ளத்தின் வழியே இறங்குகிறது. கீழ்ப்புற நாண் முழங்கையைக் கடந்து முன்கை எலும்பில் சென்று பொருந்துகிறது.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு தொழிலாளி, ஈர உப்பு நிறைந்த கூடையைத் தரையிலிருந்து சட்டென்று தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோளருகே ‘படக்’கென்று ஓர் ஓசை கேட்கிறது. சில நாளில் மேற்கையில் கன்றிய நிறம் பரவுகிறது. தசை முழங்கைப் பக்கமாகச் சுருண்டு உருண்டையாகத் திரள்கிறது. மேற்புறத்து நீண்ட நாண் அறுந்ததன் அடையாளங்கள் இவை. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவமின்றியே இது ஆறுவதுண்டு. எனினும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் வலிமை ஓரளவு குறையலாம். கீழ்ப்புற நாண் அறுந்தாலோ நிலைமை வேறு. கையை வைத்துப் பிழைப்பவருக்கு அறுவை செய்வதானால், முதற்சில வாரங்களுக்குள் செய்வதே நல்லது. ஆகவே ‘நாண் அறுந்தது’ என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தக் கை, எந்த முனை, எந்த நாள் என்பவையும் வேண்டும்.

இனி எண்ணுக்கு வருவோம். 1839-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார், நோய்களுக்கு ஒரே சீரான பெயர்கள் வேண்டுமென்று வற்புறுத்தினார். இயற்பியலுக்கு நிறையும் அளவும் எப்படியோ, அப்படியே மருத்துவக் கணக்கிற்குப் பெயர்கள் என்பது அவர் கருத்து. 1893-இல் பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்த்தியோன் இறப்புக் காரணங்களின் பட்டியலொன்றைச் சிகாகோவில் அளித்தார். 1948-இல் அதன் ஆறாம் திருத்தத்தின்போது உலக சுகாதார நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. பத்தாம் திருத்தம் 1990-இல் ஒப்புதல் பெற்றது. பதினோராம் திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் திருத்தத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து காயங்களைக் குறிக்கும் எழுத்துகளுள் ஒன்று. எஸ் 46 என்றால் தோள், மேற்கைப் பகுதியின் தசைக்கும் நாணுக்கும் நேர்ந்த ஊறு. எஸ் 46.1 இருதலைத் தசையின் நீண்ட தலைக்குரியது, எஸ் 46.2 அத்தசையின் ஏனைய பகுதிகளுக்குரியது. அமெரிக்கா 2015 முதல் இதனை மேலும் விரித்து வழங்குகிறது. அங்கே எஸ் 46.111 ஏ என்று எழுதினால், நீண்ட தலை இழுபட்டது, வலது கை, முதற்கட்டச் சிகிச்சை என்பவை அனைத்தும் அதில் அடங்கிவிடும். சென்னையில் பட்டதாரிகள் பலர் அமெரிக்க மருத்துவமனைகளின் ஏடுகளைப் படித்து இவ்வாறு எண்ணிடும் தொழிலில் இருக்கிறார்கள்.

ஆனால் எண்ணிடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. ஏட்டை மட்டுமே பார்க்கிறார். ஏட்டில் இல்லாததை ஊகித்து எழுதும் உரிமை அவருக்கு இல்லை. ஐயமிருந்தால் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். நாம் சொன்ன தொழிலாளியின் ஏட்டில் ‘கை வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால், அவருக்குக் கிடைக்கும் எண் எம் 79.6. அது வெறும் கைகால் வலிக்குரியது. அறுந்த நாண் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. நலிந்துபோன நாண் இயல்பான விசைக்கே அறுந்தால், அது ‘தானே அறுந்தது’ என்று கொள்ளப்பட்டு எம் 66 என்ற வேறு பிரிவில் சேரும். கூடையைத் தூக்கிய செய்தி ஏட்டில் இருந்தால் மருத்துவர் அதைக் காயமென்று முடிவு செய்ய இடமுண்டு. இல்லாவிட்டால் முதுமையின் தேய்வு என்று போய்விடலாம். தேய்வுதான் என்றே வைத்துக்கொண்டாலும், அது எதனால் வந்தது? பல கோடைகள் பலகையை இழுத்து இழுத்துத் தேய்ந்த நாணுக்கு அன்றைய கூடை கடைசிச் சுமையாக மட்டும் இருந்திருக்கலாம். ‘தானே’ என்ற ஒரு சொல் அத்தனை ஆண்டு உழைப்பையும் மூடிவிடுகிறது.

இதனால் வரும் இழப்பு இருவகை. நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், வேலையினால், வேலையின்போது நேர்ந்த விபத்துக்கே ஈடு என்ற நெறியை வகுத்தது. நாளும் செயலும் எழுதப்படாத காயத்தை அப்படி மெய்ப்பிப்பது எளிதா? இது தனி மனிதரின் இழப்பு. ஓர் ஊரின் அளங்களில் எத்தனை தோள்கள் பழுதாகின்றன என்பதே தெரியாமற்போவது சமுதாயத்தின் இழப்பு. எண்ணப்படாத துன்பத்திற்கு யாரும் மாற்றுத் தேடுவதில்லை; பலகையின் பிடியை மாற்றவோ, கூடையின் எடையைக் குறைக்கவோ எவருக்கும் தோன்றாது.

1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழில்சார் நோய்களைப் பற்றி நூலெழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக் கேட்குமாறு அதில் அவர் அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கேள்வியின் தேவை குறையவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம், சிலர் எண்ணிடும் மேசையில் அமரலாம். எந்தக் கை, எந்த இடம், எந்த நாள், என்ன செய்துகொண்டிருந்தபோது, என்ன தொழில் என்னும் இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. வேறு தொழிலுக்குச் செல்வோரும், வீட்டிலுள்ள பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது இவ்விடைகளைத் தாமே எடுத்துச் சொல்லலாம். கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்தலாம். உப்பளத்துத் தொழிலாளியின் கையைப் பழுதாகாமற் காப்பது பெரிய பணி. பழுதான கையை உள்ளபடி எழுதிவைப்பதே அப்பணியின் முதற்படி.