மிகை மெய்ம்மைத் தொழில்நுட்பமும் கல்வெட்டு வாசிப்பும்: ஓர் அறிமுகம்

ஆய்வுச் சுருக்கம்

கண்முன் உள்ள பொருளின்மேல் கணினி உருவாக்கும் எழுத்து, படம், ஒலி முதலியவற்றைப் பொருத்திக் காட்டுவது மிகை மெய்ம்மைத் தொழில்நுட்பமாகும். அதன் வரையறை, தோற்றம், இயங்குமுறை, பயன்கள் ஆகியவற்றை இக்கட்டுரை அறிமுகம் செய்கின்றது. கல்வெட்டின்மேல் வாசகத்தைப் பொருத்திக் காட்டும்போது பதிப்பாசிரியரின் முடிவு கல்லின் சான்றாகவே தோன்றிவிடும் இடர்ப்பாட்டையும், அதனைத் தவிர்ப்பதற்குரிய நெறிகளையும் எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: மிகை மெய்ம்மை, மெய்நிகர், கல்வெட்டு, மைப்படி, பதிப்பு நெறி.

முன்னுரை

கோயிற்சுவரின் முன் நின்று கல்வெட்டுப் பயிலும் மாணவர் கல்லை ஒருமுறையும் அச்சிட்ட தொகுதியை ஒருமுறையும் மாறிமாறிப் பார்க்க வேண்டியுள்ளது. பொருள் ஓரிடத்திலும் அதுபற்றிய செய்தி வேறிடத்திலும் இருப்பதே இதற்குக் காரணம். இவ்விடைவெளியை நீக்கி இரண்டையும் ஒரே பார்வையில் வைப்பது மிகை மெய்ம்மையின் நோக்கமாகும். பொறியியலிலும் மருத்துவத்திலும் வேரூன்றிய இத்தொழில்நுட்பம் தமிழாய்வுக்கு எவ்வகையில் பயன்படும், எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பன ஆராயத்தக்கன.

கலைச்சொல்லும் வரையறையும்

'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்பதற்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட கலைச்சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் மிகை மெய்ம்மை என்பது இங்கு எடுத்தாளப்படுகின்றது. இதனை மெய்நிகர்த் தொழில்நுட்பத்தினின்றும் பிரித்தறிதல் வேண்டும். மெய்நிகர் உலகில் பார்ப்பவரின் சூழல் மறைக்கப்பட்டு, முழுவதும் கணினி படைத்த காட்சி காட்டப்படும். மிகை மெய்ம்மையில் சூழல் அவ்வாறே நிற்க, அதன்மேல் கூடுதற் செய்தி சேர்க்கப்படும். இவ்விரண்டையும் ஒரே தொடர்கோட்டின் வெவ்வேறு நிலைகளாகக் கொள்ளும் கருத்தை 1994இல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ ஆகியோர் முன்வைத்தனர். 1997இல் ரொனால்டு அசூமா இத்தொழில்நுட்பத்திற்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார். மெய்யும் நிகரும் கலந்திருத்தல், பயன்படுத்துவோரின் செயலுக்கு உடனுக்குடன் இயைந்து மாறுதல், முப்பரிமாண வெளியில் உரிய இடத்தில் பொருந்தி நிற்றல் என்பன அவை. ஓடும் படத்தின்மேல் எழுத்தைப் பதித்தல் மட்டும் மிகை மெய்ம்மை ஆகாது என்பதை மூன்றாம் இலக்கணம் தெளிவுபடுத்துகின்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை அறிமுகம் செய்தார். கூரையிலிருந்து தொங்கிய அக்கருவி, பார்ப்பவரின் தலையசைவுக்கேற்ப மாறும் எளிய கோட்டுருவங்களை அறைக்காட்சியின்மேல் காட்டியது. போயிங் நிறுவனத்தின் டாம் காடல், டேவிட் மிசெல் ஆகியோர் 1992இல் வெளியிட்ட கட்டுரையின் வழியாக 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்னும் பெயர் பரவியது. விமானத்திற்குரிய மின்கம்பிகள் செல்லவேண்டிய வழியைத் தொழிலாளரின் கண்முன்னேயே காட்டுவது அவர்களின் நோக்கமாக இருந்தது. 1997இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகில் சுமக்கும் கணினியைக் கொண்டு வளாகக் கட்டடங்களின்மேல் அவற்றின் பெயர்கள் தோன்றுமாறு செய்தனர். 1999இல் ஹிரோகாசு கேட்டோ உருவாக்கிய 'ஏஆர் டூல்கிட்' என்னும் மென்பொருள், கருங்கட்டமிட்ட அட்டைகளை அடையாளமாகக் கொண்டு உருவங்களைப் பொருத்தும் முறையைப் பரவலாக்கியது. 2016இல் வெளிவந்த 'போக்கிமான் கோ' விளையாட்டு இத்தொழில்நுட்பத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 2017இல் ஆப்பிளும் கூகுளும் இதற்கான மென்பொருட் கருவிகளை அறிவித்தபின், தனிக்கருவியின்றிக் கைப்பேசியிலேயே இதனை உருவாக்குதல் எளிதாயிற்று.

இயங்குமுறை

மிகை மெய்ம்மையின் இயக்கத்தை மூன்று படிகளாகப் பகுத்துரைக்கலாம். முதலாவது, கருவி தன் இருப்பிடத்தை அறிதல். படக்கருவி காணும் காட்சியிலுள்ள முனைகள், விளிம்புகள் போன்ற தனித்த புள்ளிகளைக் கணினி தேர்ந்து தொடர்கின்றது. முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகள் அதற்குத் துணைநிற்கின்றன. இரண்டாவது, பொருத்துதல். காட்ட வேண்டிய உருவம் எந்தப் பொருளின்மேல், எந்தக் கோணத்தில், எந்த அளவில் அமைய வேண்டும் என்பது கணக்கிடப்படுகின்றது. மூன்றாவது, காட்டுதல். இது கைப்பேசித் திரையில் நிகழலாம். ஒளி ஊடுருவும் கண்ணாடியில் நிகழலாம். ஒளிவீழ்த்தி வழியாகப் பொருளின்மீதே நிகழலாம்.

இவற்றுள் பொருத்துதலே அரியது. செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் முறையில் சில மீட்டர் அளவு பிழை இயல்பு. கட்டடத்தின் பெயரைக் காட்ட அது போதும். கல்வெட்டின் ஒரு வரியைச் சுட்டப் போதாது. கல்லின் உருவத்தையே அடையாளமாகக் கொள்ளினும், பொறிப்பின் நிழல் காலையில் ஒருவகையாகவும் மாலையில் வேறுவகையாகவும் விழுவதால் பொருத்தம் பிசகக்கூடும்.

பயன்பாடுகளும் மூவகை மாற்றங்களும்

நன்னூலார் புணர்ச்சியில் நிகழும் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுப்பர். மிகை மெய்ம்மை காட்சியில் நிகழ்த்தும் மாற்றங்களையும் இம்மூன்றாக வகைப்படுத்தலாம். செவிலியருக்குத் தோலின்மேல் சிரையின் தடத்தை ஒளியால் காட்டும் கருவியும், கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் சிதைந்த கோயில்களின் மீட்டுருவாக்கத்தை அவ்விடத்திலேயே காட்டிய 'ஆர்க்கியோகைட்' திட்டமும் தோன்றலுக்குச் சான்றாகும். அயல்மொழிப் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் நோக்கியவுடன் அதன் எழுத்தை மறைத்து, அவ்விடத்தில் மொழிபெயர்ப்பை வைக்கும் வசதி திரிதலின்பாற் படும். 2010இல் 'வேர்டு லென்ஸ்' என்னும் செயலியாக வெளிவந்த இது பின்னர்க் கூகுள் மொழிபெயர்ப்பியில் இணைந்தது. காட்சியிலுள்ள பொருளை நீக்கிப் பின்னணியை நிரப்பிக் காட்டுவது கெடுதலாகும். அறைகலன் வாங்குவோர்க்கு இம்மூன்றும் வசதிகளே. சான்றினை ஆராய்வோர்க்கோ தோன்றல் ஒன்றே ஏற்புடையது. அதுவும் சேர்க்கப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

கல்வெட்டு வாசிப்பில் எழும் சிக்கல்

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவத்தால் வேறுபடுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. எனவே, கல்லில் 'கொல' என்னும் வடிவில் நிற்கும் எழுத்துகள் கொல், கோல், கொல, கோல என்னும் நான்கு வாசிப்புகளுக்கும் இடந்தருவன. நில அளவை பற்றிய பகுதியாயின் அளவுகோலைக் குறிக்கும் 'கோல்' எனப் பதிப்பாசிரியர் கொள்வார். இம்முடிவு சூழலால் துணியப்பட்டதேயன்றிக் கல்லில் பொறிக்கப்பட்டதன்று.

அச்சுநூலில் இவ்வேறுபாடு இயல்பாகவே புலப்படும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளை ஹுல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி ஒருவர் கையிலும், கல் அவர் கண்முன்னும் தனித்தனியே உள்ளன. ஐயத்திற்குரிய எழுத்துகளையும் பதிப்பாசிரியர் சேர்த்தவற்றையும் பகர அடைப்பாலும் உடுக்குறியாலும் வேறுபடுத்தும் மரபும் உண்டு. மிகை மெய்ம்மையிலோ புள்ளியிட்ட 'கோல்' என்னும் சொல் கல்லின் மேலேயே ஒளிர்கின்றது. பார்ப்பவர் அதனைக் கல் கூறுவதாகவே கொள்வார். மாற்றுப்பாடம் உண்டு என்னும் எண்ணமே அவருக்கு எழாது. பொருத்தம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு இவ்விடர் மிகுகின்றது.

பின்பற்றத்தக்க நெறிகள்

முதலாவதாக, கருவியைத் திருப்பியவுடன் கல் மட்டுமே தெரிதல் வேண்டும். வாசகம் வேண்டுவோர் கேட்டபின் தோன்றுதல் தகும். இரண்டாவதாக, எழுத்துப்படி, புள்ளியும் நெடிலும் தெளிவுபடுத்திய பாடம், சொற்பிரிப்பு, பொருள் ஆகியன தனித்தனி அடுக்குகளாக அமைதல் வேண்டும். மூன்றாவதாக, பதிப்பாசிரியர் சேர்த்தவற்றை வேறு நிறத்தில் காட்டுவதுடன், பாடம் யாருடையது, எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்பதையும் மாற்றுப்பாடங்களையும் உடன் தருதல் வேண்டும். சிதைந்த இடத்தை ஊகத்தால் நிரப்பிக் கல் முழுமையாக உள்ளதுபோல் காட்டுதல் கூடாது.

இடத்தின் இயல்பும் கருதத்தக்கது. 2016இல் வாஷிங்டனிலுள்ள யூதப் பேரழிவு நினைவு அருங்காட்சியகம், தன் வளாகத்தில் போக்கிமான் விளையாட வேண்டாமெனப் பார்வையாளரைக் கேட்டுக்கொண்டது. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. வழிபாட்டிடத்தில் கருவியைப் பயன்படுத்தாமல், வகுப்பறையிலும் அருங்காட்சியகத்திலும் மைப்படிகளின்மேல் இதனைச் செயற்படுத்துதல் தக்க தொடக்கமாகும். கருமையும் வெண்மையும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் மைப்படியில், நிழல் மாறும் கல்லைவிடப் பொருத்தமும் எளிதாக அமையும்.

முடிவுரை

மிகை மெய்ம்மை ஒருவகையில் உரையெழுதும் கருவியாகும். மூலத்தையும் உரையையும் வேறுபடுத்திக் காட்டுதல் தமிழ் உரைமரபும் பதிப்புமரபும் பேணிவரும் ஒழுங்காகும். அவ்வொழுங்கை மென்பொருளின் அமைப்பிலேயே இடம்பெறச் செய்தல் பொறியாளரால் மட்டும் இயலாது. எந்த எழுத்து கல்லினது, எது பதிப்பாசிரியரது என்பதைக் கல்வெட்டறிஞரே வரையறுத்துத் தர வேண்டும். ஆகவே, கருவி முழுமை பெற்றபின் கருத்துரைப்பதினும், அடுக்குகளும் குறியீடுகளும் வகுக்கப்படும் தொடக்க நிலையிலேயே தமிழாய்வாளர் பங்கேற்பது இன்றியமையாததாகும்.