கூலியா, கிருபையா?

அலிப்பூர் என்றதும் கொல்கத்தாத் தமிழர்களுக்கு மிருகக்காட்சி சாலையும் நேஷனல் லைப்ரரியும் ஜெயிலும் நினைவுக்கு வரும். அங்கிருந்த மத்திய சிறை 2019-ல் மூடப்பட்டு, 2022-ல் காட்சியகமாயிற்று. பிரசிடென்சி சிறை இன்றும் இயங்குகிறது. மேற்கு வங்கத்தில் சிறைக்கு இப்போது 'சங்சோதனாகார்', அதாவது திருத்தும் இல்லம் என்று பெயர். நல்ல பெயர்தான். ஆனால் மனிதனைத் திருத்துவது தண்டனையா, மன்னிப்பா?

கிறிஸ்தவ சமயம் இதற்குக் கிருபை என்று விடை கூறுகிறது. தகுதி பாராது இறைவன் காட்டும் தயவே கிருபை. கத்தோலிக்கர் அருள் என்பர். மனம் திருந்தியவனுக்குக் கிடைக்கும் பரிசு அது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கிருபையே முந்திக்கொள்கிறது. அது தொட்ட பிறகே கல்மனம் கரைகிறது என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை.

இயேசு ஓர் உவமை கூறினார். திராட்சைத் தோட்டத்தில் காலை முதல் உழைத்தவருக்கும், மாலையில் ஒரு மணி நேரமே உழைத்தவருக்கும் முதலாளி ஒரே கூலி கொடுத்தார். முன்னே வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. கடைசியில் வந்தவர் பெற்றதோ கூலியன்று, கொடை.

இது நடக்கக்கூடியதா என்று கேட்போருக்கு மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டலாம். தேவாஸ் மாவட்டத்தில் ஏழைகளுக்காக உழைத்த கேரளக் கன்னியாஸ்திரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பஸ்ஸில் குத்திக் கொல்லப்பட்டார். குத்திய சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2002-ல் ரக்ஷாபந்தன் நாளையொட்டி, ராணி மரியாவின் தங்கையான கன்னியாஸ்திரி செல்மி பால் இந்தூர் சிறைக்குச் சென்று, அவர் கையில் ராக்கி கட்டித் தம் சகோதரராக ஏற்றார். அவர் விடுதலைக்காகக் குடும்பத்தாரும் மனுக் கொடுத்தனர். 2006-ல் சமந்தர் சிங் விடுதலையானார். பின்னர் கேரளம் சென்று, ராணி மரியாவின் பெற்றோரைக் கண்டு மன்னிப்புக் கோரினார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா முக்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

மன்னிப்பு குற்றத்தை இல்லையென்று ஆக்கவில்லை. சமந்தர் சிங் பதினோரு ஆண்டுகள் சிறையிலிருந்தார். அக்காளை இழந்த துயரமும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. ஆயினும் அவரை மறுபடி மனிதராக ஏற்க ஒரு வீடு இருந்தது.

சிறையிலிருந்து வெளிவரும் பலருக்கு அது கிடைப்பதில்லை. வேலை கேட்டால் பழைய குற்றம் முன்னே வந்து நிற்கிறது. ஊரில் உறவும் முகம் திருப்புகிறது. திருந்திவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்கிறோம். முதலில் வா என்று அழைப்பதே கிருபை. அந்த அழைப்பு வந்தால் திருந்துகிறவர் பலர் இருக்கக்கூடும்.