மும்பை பற்றி எரிந்தபோது அமைதி காத்த பிவண்டி: மொஹல்லா குழுக்கள் சாதித்தது எப்படி?

மும்பை: அயோத்தியில் பாபர் மசூதி 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அந்த மாதத்திலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் மூண்ட கலவரங்களில் 900 பேர் உயிரிழந்ததாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்துள்ளது. ஆனால், மும்பையை அடுத்து தாணே மாவட்டத்தில் உள்ள விசைத்தறி நகரமான பிவண்டியில் அப்போது கலவரம் வெடிக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் மதக் கலவரம் என்றாலே அதுவரை முதலில் நினைவுக்கு வந்த ஊர்களுள் ஒன்று பிவண்டி என்பது குறிப்பிடத்தக்கது.

1970-ஆம் ஆண்டு மே மாதம் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தின்போது பிவண்டியில் வெடித்த கலவரம் ஜல்காவ், மகாட் ஆகிய ஊர்களுக்கும் பரவியது. இதனை விசாரித்த நீதிபதி மாடன் ஆணையம், காவல் துறையினர் பாரபட்சமாக நடந்துகொண்டதைக் கடுமையாகச் சாடியது. 1984-ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் கலவரம் மூண்டு தாணே, மும்பை வரை பரவியதில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1988-இல், காவல் துணை ஆணையராகப் பிவண்டிக்கு வந்தார் சுரேஷ் கோப்டே. கலவரம் ஓய்ந்த பிறகு அரசியல் பிரமுகர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்து 'அமைதிக் குழு' அமைப்பதே அதுவரை வழக்கமாக இருந்தது. புகைப்படம் எடுப்பதோடு அவற்றில் பலவற்றின் பணி முடிந்துவிடும். கோப்டே இந்த வரிசையை மாற்றினார். கலவரத்துக்குக் காத்திராமல், அமைதியான நாள்களிலேயே நகரம் முழுவதும் சுமார் 70 'மொஹல்லா' (குடியிருப்புப் பகுதி) குழுக்களை உருவாக்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இடம்பெற்ற அக்குழுக்களில், பிரமுகர்களைவிடச் சாதாரண குடிமக்களுக்கே முன்னுரிமை அளிக்கப்பட்டது.

அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான காவலர்களும் கூட்டங்களில் கலந்துகொண்டனர். இத்திட்டத்தின் அச்சாணி இதுவே எனலாம். கலவரப் பகுதிகளில் பொதுமக்கள் காவலரைச் சந்திப்பது பெரும்பாலும் தேடுதல் வேட்டையின்போதோ தடியடியின்போதோதான். மொஹல்லா குழுவில் அதே காவலர் பெயர் தெரிந்த மனிதராகிறார். அண்டை வீட்டாருக்கு இடையே எழும் சிறு சச்சரவுகூட மதச் சாயம் பூசப்படுவதற்கு முன்பே அவரது காதுக்கு எட்டிவிடுகிறது.

வதந்தி விஷயத்தில் இதன் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். 'பக்கத்துத் தெருவில் கோயில் தாக்கப்பட்டது', 'மசூதிக்குத் தீ வைத்துவிட்டார்கள்' என்ற செய்தி நள்ளிரவில் பரவும்போது, அது உண்மையா என்று கேட்பதற்கு எதிர்த் தரப்பில் நம்பத்தகுந்த ஒருவர் இருக்க வேண்டும். அத்தகைய அறிமுகத்தைக் கலவர இரவில் புதிதாக ஏற்படுத்திக்கொள்ள முடியாது. 1992 டிசம்பருக்கு முன்பே பிவண்டியில் அது கைகூடியிருந்தது.

தறி உரிமையாளர், தொழிலாளர், நூல் வியாபாரி என இரு சமூகத்தாரையும் விசைத்தறித் தொழில் பிணைத்திருந்ததே அமைதிக்குக் காரணம் என்ற வாதமும் உண்டு. தொழில் உறவுக்கு வலிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அதே தறிகள் 1984-இலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கலவரத்தை அவை தடுக்கவில்லை. இந்து–முஸ்லிம் கலவரங்களை ஆராய்ந்த அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே, இரு சமூகத்தாரும் ஒன்றாக இயங்கும் அமைப்புகள் உள்ள நகரங்களில் வன்முறை கட்டுப்படுகிறது என்கிறார். அத்தகைய பிணைப்பைக் காவல் துறையே முன்னின்று உருவாக்க முடியும் என்பதற்கு அவர் காட்டும் சான்று பிவண்டி.

கலவரத்தில் காயம்பட்ட மும்பையும் பின்னர் இவ்வழிக்கு வந்தது. அன்றைய மாநகரக் காவல் ஆணையர் சதீஷ் சாஹ்னி, ஓய்வுபெற்ற காவல் துறை உயர் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, சமூக ஆர்வலர் சுஷோபா பர்வே உள்ளிட்டோரின் முயற்சியில் அங்கும் மொஹல்லா குழுக்கள் தோன்றின.

பிவண்டியின் கதை இத்துடன் முடியவில்லை. 2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம், காவல் நிலையம் கட்டத் தேர்வு செய்யப்பட்ட நிலம் அடக்கத்தலத்துக்கு உரியது எனக் கூறி முஸ்லிம்கள் போராட்டத்தில் இறங்கினர். காவல் துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து காவலர்கள் இருவர் கும்பலால் கொல்லப்பட்டனர். இம்முறை மோதல் இரு மதத்தாருக்கு இடையே அல்ல. காவல் துறைக்கும் மக்களுக்கும் இடையே நிகழ்ந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து பேசித் தீர்க்கக்கூடிய நிலத் தகராறு ஒன்று நான்கு உயிர்களைப் பலிகொண்டது.

அதிகாரி ஒருவரின் ஆர்வத்தை நம்பி நிற்கும் ஏற்பாடு, அவர் இடமாற்றம் பெற்ற பிறகு எத்தனை காலம் தாங்கும் என்பதே இத்தகைய திட்டங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் கேள்வி. அரசமைப்புச் சட்டப்படி காவல் துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், நாடு முழுவதற்கும் ஒரே விதி இல்லை. 2008-இல் 'ஜனமைத்ரி' என்ற பெயரில் சமூகக் காவல் திட்டத்தைத் தொடங்கிய கேரளம், 2011-ஆம் ஆண்டின் கேரள காவல் சட்டத்தில் மக்கள் தொடர்புக் குழுக்களுக்கு இடமளித்தது. 1988-இல் பிவண்டியில் உருவான குழுக்களுக்கு அத்தகைய சட்டப் பின்புலம் ஏதும் இருக்கவில்லை.