மேற்கே போகும் வரம்புப் பாதை

கல்முனைக்கு மேலே மலை என்று சொல்ல எதுவும் இல்லை. கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் வேலியோடு வேலி ஒட்டி நெருங்கி நிற்கின்றன. ஆயினும் எம் முன்னோர் 'மேல்' என்ற சொல்லிலிருந்தே மேற்கு என்ற திசைக்குப் பெயர் வைத்தார்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. அந்தக் கணக்கில் கல்முனைக்கு மேலே இருப்பது வயல்வெளி. கரைவாகுப்பற்று என்று பழைய பதிவுகளில் காணப்படும் நிலம் இதுவே.

அந்தி சாயும் வேளையில் பட்டினத்தை விட்டு மேற்கே நடந்தால் நற்பிட்டிமுனை வரும். பிறகு சேனைக்குடியிருப்பு. அதற்கப்பால் கிட்டங்கித் தாம்போதி. தாம்போதியைக் கடந்தால் சவளக்கடை, அன்னமலை, நாவிதன்வெளி, கத்தோலிக்க விவசாயக் கிராமமான சொறிக்கல்முனை. பெரிய வீதி இன்று தார் போட்டது; மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் அதில் ஓடுகின்றன. நாம் இங்கு பேச விரும்புவது அந்த வீதியை அல்ல. அதிலிருந்து இருபுறமும் வட்டைகளுக்குள் பிரிந்து போகும் வரம்புப் பாதைகளை. ஒருவர் பின் ஒருவராகத்தான் அவற்றில் நடக்க முடியும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சேற்றில் கால் வைத்து வழிவிட வேண்டும். யார் விடுவது என்பதற்கு எழுதப்படாத ஒரு முறை உண்டு: தலையில் சுமை இல்லாதவர் இறங்க வேண்டும்.

இந்தக் கரையோர விவசாயியின் வாழ்க்கை மற்ற இடத்து விவசாயியின் வாழ்க்கை போன்றதல்ல. வீடு கடற்கரையில், வயல் பல கட்டை தொலைவில் மேற்கே. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் ஆண்கள் வாடி போட்டு வயலிலேயே தங்குவார்கள். சோறும் செய்தியும் இந்தப் பாதையால் போகும். சூடு மிதித்த நெல் இந்தப் பாதையால் வரும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்ட பின்னர், வயல் இன்னும் மேற்கே விரிந்தது. வாய்க்கால் கட்டுகளும் புதிய நடைபாதைகளாயின. அதே திட்டம்தான் குடியேற்றத்தையும், 1956இல் இரத்தம் சிந்திய கலவரத்தையும் கொண்டுவந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பின்னர் பாதை மூடப்பட்டது. 1990 ஆகஸ்ட் மாதத்தை இப்பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க் கிராமங்களின் தமிழ்க் குடும்பங்கள் மூட்டையுடன் கிழக்கே ஓடிவந்தன. கரையோர முஸ்லிம் விவசாயிகள் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் மேற்கே போக முடியவில்லை. நிவாரணப் பட்டியலில் முதலாவது தரப்பினர் 'இடம்பெயர்ந்தோர்'. இரண்டாவது தரப்பினருக்கு அங்கே ஒரு நிரல்கூட இல்லை. தன் கூரையின் கீழ் தூங்கிக்கொண்டே வயலிலிருந்து இடம்பெயர்ந்தவரை எந்தப் படிவத்தில் எழுதுவது? எம் எண்ணத்தில் இருவரும் இழந்தது ஒரே பொருளைத்தான். எதிர் எதிர்த் திசையில் நின்று இழந்தார்கள், அவ்வளவே.

எம்மோடு ஒரு மாலை நடந்த வயதான காக்கா ஒருவர் கைத்தடியால் காட்டிக்கொண்டே வந்தார். "ஃபாதர், இந்த வக்கடையால வலப்பக்கம் திரும்பினா எங்கட மூத்தவாப்பாட பூமி. அங்கால தெரியுற மருதமரம் எல்லை. மரம் இப்ப இல்ல, நான் சொல்றது மரம் நிண்ட இடம்." பின்னால் வந்த அவருடைய பேரன் அந்த வரம்பில் கால் வைத்தது அன்றுதான் முதற் தடவை. அவனுக்கு எந்த மரமும் தெரியவில்லை. காக்கா போன பிறகு அந்த எல்லையை யார் சொல்லப் போகிறார்கள் என்ற கேள்வி எம் எல்லோர் மனதிலும் இருந்தது. ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் இந்தப் பாதைகள் வேறொரு வேலை செய்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. இலங்கையில் எந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. ஓடத் தெரிந்தவர்கள் மேற்கே வயல் பக்கமாக ஓடினார்கள். அதன் பின் கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்தது. ஊருக்குள் காணி இல்லை. எனவே வீடுகளும் மேற்கே நகர்ந்தன. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் அப்படி வயற்பக்கத்தில் எழுந்ததுதான். வீடற்றவருக்கு வீடு வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அதற்குப் பின்னர் தனியார் சிலர் கிரவல் கொட்டி வயலை மேடாக்குவது வேறு கதை. மேட்டின் கீழ் வரம்பு போகிறது, வரம்போடு வடிகாலும் போகிறது. மாரியில் மேற்கிலிருந்து கடலுக்கு இறங்க வேண்டிய வெள்ளம் வழி தேடித் தாம்போதிகளின் மேல் பாய்கிறது. 2024 நவம்பர் 26இல் காரைதீவுக்கு மேற்கே மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை வெள்ளம் இழுத்துச் சென்றதை எப்படி மறப்பது? கிட்டங்கியிலும் மழைக்காலத்தில் நீர் குறுக்கே பாயும்போது அக்கரைப் பிள்ளைகளின் படிப்பும் நோயாளிகளின் பயணமும் நின்றுபோகின்றன.

வயலுக்குத் திரும்பிய குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. வயல் கிடைத்துவிட்டது, போக வழி இல்லை என்பதே அது. இடையில் உள்ளவர் வேலி போட்டுவிட்டார். அல்லது பாதையையும் சேர்த்து உழுதுவிட்டார். சண்டைக்குப் போகாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. பயிர் செய்யும் உரிமை, களவெட்டியைப் பாவிக்கும் உரிமை, விளைச்சலை எடுத்துச் செல்லும் உரிமை ஆகியவற்றோடு விவசாயப் பாதையைப் பாவிக்கும் உரிமையையும் அது பெயர் சொல்லிக் காக்கின்றது. எவரும் தடுத்தால் காணி உரிமையாளரோ, பயிர் செய்பவரோ முறையிடலாம்; விசாரித்துக் கட்டளையிட ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதும் இதே சட்டத்தின்படி குற்றம். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச் சொல் கோப்பில் ஏறாது.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. பாதை எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய முதியவரை அழைத்துக்கொண்டு, பிள்ளைகளும் கூட, ஒரு மாலை நடந்து பாருங்கள். எந்த வக்கடை, எந்த வாய்க்கால், எந்த வட்டை என்று பள்ளிக் கொப்பி ஒன்றில் பிள்ளை எழுதட்டும், படம் கீறட்டும். பக்கத்து வயல்காரரையும் வட்டவிதானையையும் கையொப்பமிடச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர் மற்றச் சமூகத்தவராக இருந்தால் அந்தக் கையொப்பத்துக்கு மதிப்பு இன்னும் கூடும்.

நடப்பதற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்கள் உகந்தவை அல்ல. மேற்கிலிருந்து அனல் முகத்தில் அடிக்கும். பெரும்போகத்தில், மழை சற்று ஓய்ந்து கதிர் பால் பிடிக்கும் நாட்களில் போங்கள். அப்போது கொக்குகள் கூட்டமாக அடையப் போகும். சூரியன் விழும் நேரம் கல்முனைக்குடிப் பக்கமிருந்து மஃரிப் பாங்கு வயலின் மேல் மிதந்து வரும். சேனைக்குடியிருப்புப் பக்கம் கோயில் மணி அடிக்கும். காக்கா வாய்க்காலில் கை கால் கழுவி, வரம்பின் அகலமான இடம் பார்த்துத் துண்டை விரித்தார். பேரன் அவருடைய கைத்தடியால் ஈர மண்ணில் வக்கடையையும், அதற்கு வலப்பக்கம் ஒரு மரத்தையும் கீறிக்கொண்டிருந்தான்.