மயில்துத்தம் கலந்த பசை

சென்ற வாரம் அப்பாவின் கணக்கு நோட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். "அந்த வீட்டில் உங்கள் அம்மா என்னதான் செய்துகொண்டிருந்தார்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். படித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவதோடு அம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த வீம்போ என்னவோ, அச்சில் வந்த எதையும் அவள் விட்டதில்லை. காராபூந்தி மடித்து வந்த காகிதத்தை நீவி, எண்ணெய்க் கறையை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாள். கதை பாதியில் நின்றுவிட்டால் தொலைந்தது. "அடுத்த தாள் இருக்கான்னு கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வாடி" என்று என்னை விரட்டுவாள். அவரும் பாவம், முணுமுணுத்துக்கொண்டே பழைய பேப்பர் கட்டைக் கிளறுவார்.

எங்கள் ஊர் மாயவரம். கல்கி பிறந்த புத்தமங்கலம் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் அவர் எங்கள் வீட்டில் 'நம்ம ஊர்க்காரர்'. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தபோது பாட்டி கிழித்துச் சேர்த்த பக்கங்கள் அம்மாவுக்கு வந்தன. நகையைத் தங்கைகளோடு பங்கு போட்டுக்கொண்டவள், இதில் மட்டும் யாருக்கும் பங்கு தரவில்லை.

அவள் காலத்துத் தொடர்களை அவளே பைண்ட் செய்தாள். கோடை விடுமுறையில் நடு ரேழி முழுக்கக் காகிதமாக இருக்கும். துருப்பிடித்த பின்னைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, தாள்களை அடுக்கி, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவைப்பாள். சாக்கு தைக்கிற ஊசி, மெழுகு தேய்த்த நூல், ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி, முதுகுக்கு ஒட்டப் பழைய புடவைத் துண்டு. மைதாவைக் கரைத்துக் கிளறி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். பூச்சி அண்டாது. விஷம் என்பதால் அந்தக் கிண்ணத்துக்குக் கொல்லையில் தனி இடம். நாங்கள் கிட்டே போனால் முதுகில் ஒன்று விழும்.

அந்தத் தொகுப்புகளில் கதையின் மறுபக்கத்தில் சமையல் குறிப்பு இருக்கும், கூந்தல் தைல விளம்பரம் இருக்கும், யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பத்தி இருக்கும். அம்மா அவற்றையும் சேர்த்தேதான் படித்தாள். படங்களில் அவளுக்குத் தனிப் பிடிவாதம். பிறகு வேறு ஓவியர்கள் எவ்வளவோ நன்றாக வரைந்தும், மணியம் போட்ட குந்தவைதான் அவளுக்குக் குந்தவை. 'தில்லானா மோகனாம்பாள்' சினிமா பார்த்துவிட்டு வந்தவள், "ஆட்டம் நல்லாத்தான் இருந்தது. ஆனா கோபுலுவோட மோகனா இவ இல்ல" என்றாள். பத்மினிக்கே அந்தக் கதி!

1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் ஆளுக்கொரு பதிப்பு வந்தது. ஐந்து பாகமும் மலிவு விலையில் வாங்கிக் கொடுத்தேன். மடியில் பாட்டியின் தொகுப்பு, கையில் பென்சில். புதுப் புத்தகத்தை மாதக்கணக்கில் திருத்தினாள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

இரவல் விஷயத்தில் கறார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களுக்குப் புத்தகம் கிடையாது, அது சொந்த நாத்தனாராக இருந்தாலும்.

கிளை நூலகத்தில் இன்னும் மோசம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம்தான் இங்கே வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. அம்மாவுக்குச் சட்டமெல்லாம் தெரியாது, ரசீதில் அந்தத் தொகை தெரியும். ஃபேன் ஓடாத ஒரு மதியம் ரசீதையே கையோடு கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டாள். "பணம் கட்டியிருக்கோம் சார், காத்து எங்கே?" நூலகர் சிரித்துவிட்டார். ஃபேன் ஓட ஆரம்பித்தது அடுத்த வருஷம்தான்.

அம்மா போனபின் பரணைச் சுத்தம் செய்யச் சொன்ன உறவினர்கள், எடைக்குப் போட்டால் என்ன தேறும் என்று கணக்குப் பார்த்தார்கள். நான் கொடுக்கவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை. பெண்கள் ரேழியில் உட்கார்ந்து தைத்த தொகுப்புகளுக்கு அப்படிக் கணக்கெடுத்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ பாட்டியோ பைண்ட் செய்தது ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நூலகத்தைக் கேளுங்கள். கதையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு விளம்பரப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

(தொடரும்)