கூரை கழற்றப்பட்ட மடமும் பெரியம்மாவின் வீடும்

கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகரத்துக்கு விடுமுறையில் போயிருந்தேன். அங்கே எனது பெரியம்மா தன் மகளுடன் வசித்து வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "ரிப்பன் பக்கத்திலே பழைய மடமொன்று இருக்கு. பெரிய தோட்டமும் இருக்கு. போயிட்டு வருவம்" என்றார் அக்கா.

பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "உடைஞ்ச கட்டிடத்தைப் பார்க்கக் காசும் குடுத்துப் போகவேணுமோ? உடைஞ்சதெல்லாம் நான் ஊரிலேயே பார்த்திட்டன்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தவர் அவர். காணி விடுவிக்கப்பட்ட பின்னர், 2018 இல் ஊருக்கு வந்தபோது நானும் கூடப் போனேன். நிலை, கதவு, யன்னல், ஓடு, தீராந்தி எல்லாம் கழற்றப்பட்டு வெறும் சுவர்களே நின்றன. சாமியறை இருந்த இடத்தில் ஓர் ஆலமரம் வளர்ந்திருந்தது. பெரியம்மா அரைமணி நேரம் நின்றார். ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் எவரிடமும் கதைத்ததில்லை.

இருந்தாலும் எங்களுக்காக அன்று காரில் ஏறினார்.

மரத்தடியில் தொடங்கிய வாழ்வு

நாங்கள் போன இடத்தின் பெயர் பவுண்டன்ஸ் மடம். யோர்க் நகரத்து மடமொன்றின் வசதியான வாழ்க்கையை விரும்பாத 13 துறவிகள், 1132 இல் அங்கிருந்து வெளியேறி ஸ்கெல் ஆற்றின் ஓரமாக இருந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். அப்போது இது வெறும் காடு. முதல் பனிக்காலத்தை மரங்களின் கீழேயே கழித்து, இலைகளை அவித்து உண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. இரண்டரை ரொட்டி மாத்திரம் மீதியிருந்த ஒரு நாளில் பிச்சை கேட்டு வந்தவருக்கு அதில் ஒன்றைக் கொடுத்தார்கள் என்றும், சிறிது நேரத்தில் அயலிலிருந்த கோட்டையிலிருந்து வண்டி நிறைய ரொட்டி வந்து சேர்ந்தது என்றும் ஒரு கதை உண்டு.

மரத்தடி வாழ்வு எப்படியானது என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பெரியம்மாவும் இந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டார்.

பின்னர் இந்த மடம் சிஸ்ரேர்சியன் சபையுடன் இணைந்தது. செம்மறி ஆடுகளை வளர்த்து, கம்பளி விற்று, இங்கிலாந்தின் செல்வம் மிக்க மடங்களில் ஒன்றாக வளர்ந்தது. வயல் வேலை, ஆடு மேய்த்தல், கட்டட வேலை போன்றவற்றைச் செய்வதற்குத் தொழிலாளிச் சகோதரர்கள் என்று தனியான பிரிவினர் இருந்தார்கள். அவர்கள் உண்டதும் உறங்கியதும் ஒரு நீண்ட கட்டடத்தில். அதன் கீழ்மண்டபம் சுமார் 300 அடி நீளமானது. வளைந்த கற்கூரையோடு இன்றும் நிற்கிறது. இப்போது அங்கே குடியிருப்பவை வௌவால்கள்.

"எங்கட வீட்டிலயும் வௌவால்தான்" என்றார் பெரியம்மா. ஆறு வருடத்துக்கும் மேலாகத் தன் வீட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

முதலில் போனது கூரை

இந்த மடத்தை அழித்தது வெளிநாட்டுப் படையோ நிலநடுக்கமோ அல்ல. எட்டாவது ஹென்றி மன்னன் பாப்பரசருடன் முரண்பட்டு, நாட்டிலிருந்த மடங்களையெல்லாம் மூடிச் சொத்துக்களை எடுத்துக்கொண்டான். பவுண்டன்ஸ் மடம் 1539 இல் மூடப்பட்டது. மடத்தின் தலைவருக்கும் துறவிகளுக்கும் ஓய்வூதியம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். கூரையிலிருந்த ஈயத்தகட்டைக் கழற்றினார்கள். யன்னல் கண்ணாடிகளும் போயின. பிறகு மழையும் பனியும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன.

அக்கா இதை விளக்கிச் சொன்னபோது பெரியம்மா தேவாலயத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். கூரை இருக்கவேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. "ஓட்டைக் கழட்டினா வீடு செத்துப்போகும். சுவர் நிண்டென்ன?" என்றார்.

சற்றுத் தூரத்தில் பவுண்டன்ஸ் ஹோல் என்ற அழகான மாளிகை இருக்கிறது. மடம் மூடப்பட்டு ஏறக்குறைய 60 ஆண்டுகளின் பின்னர் ஒரு பணக்காரர் கட்டியது. அதற்கான கற்களில் ஒரு பகுதி மடத்திலிருந்தே எடுக்கப்பட்டது. "எங்கட ஓடு இப்ப ஆற்றை வீட்டிலயோ" என்று கேட்டார் பெரியம்மா. கோபமாகக் கேட்கவில்லை. கொஞ்சம் சிரித்தபடிதான் கேட்டார்.

இடிபாடு எப்போது அழகாகிறது?

மடத்தைக் கடந்து ஆற்றோரமாக நடந்தால் ஸ்ரட்லி றோயல் நீர்த்தோட்டம் வருகிறது. இதை அமைத்தவர் ஜோன் எய்ஸ்லபி. நாட்டின் நிதி அமைச்சராக இருந்தவர். 1720 இல் நடந்த பெரும் பங்குச் சந்தை வீழ்ச்சியில் ஊழல் செய்தார் என்று 1721 இல் பாராளுமன்றத்திலிருந்து விலக்கப்பட்டு, இலண்டன் கோபுரச் சிறையிலும் இருந்தார். அதன் பிறகு ஊருக்குத் திரும்பி, 1742 இல் இறக்கும் வரை தோட்ட வேலையிலேயே காலத்தைக் கழித்தார். வளைந்தோடிய ஆற்றை நேரான வாய்க்காலாக்கினார். முழுநிலா வடிவில் ஒரு குளமும் அதன் இருபுறமும் பிறை வடிவில் குளங்களும் வெட்டினார். கரையில் ஒரு சிறு கோயில் போன்ற மண்டபமும் உண்டு. அதன் நிழல் தண்ணீரில் அசையாமல் விழுகிறது.

மடத்தின் இடிபாட்டை 1767 இல் விலைக்கு வாங்கியவர் அவருடைய மகன் வில்லியம். தோட்டத்தின் உயரமான ஓரிடத்தில் மரங்களுக்கிடையே வந்து நின்றால், பள்ளத்தாக்கின் முடிவில் அந்த உடைந்த மடம் திடீரென்று கண்ணுக்குத் தெரியும். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

அப்போதுதான் ஒன்றை யோசித்தேன். மடம் மூடப்பட்டதற்கும் அது ஒரு பணக்காரரின் தோட்டத்துக் காட்சியாக மாறியதற்கும் இடையில் 228 ஆண்டுகள். அங்கே வாழ்ந்த ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. இடிபாடு அழகாகத் தெரிவது, அதற்குள் வாழாதவர்களின் கண்ணுக்குத்தான். நமது ஊர்களில் நிற்கும் சுவர்களுக்கு உரியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவை பார்வையிடும் இடங்கள் அல்ல. கூரைக்காகக் காத்திருக்கும் வீடுகள்.

சமூக சேவை செய்பவர்களான நாங்கள், "நடந்ததை மறந்துவிட்டு முன்னேறுங்கள்" என்று பெண்களிடம் பல தடவைகள் சொல்லியிருக்கிறோம். அப்படிச் சொன்னது எவ்வளவு தவறு என்பதை அன்று பெரியம்மாவின் அருகில் நின்றபோது உணர்ந்தேன்.

ஒரு கடதாசியில் ஒரு வீடு

இந்த மடத்தை 1983 இலிருந்து நாஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. 1986 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. உடைந்ததை அவர்கள் திரும்பக் கட்டவில்லை. ஆனால் இது சமையலறை, இது உணவு மண்டபம், இது பனிக்காலத்தில் துறவிகள் வந்து குளிர்காய்ந்த அறை என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கிறது. பெரியம்மா குளிர்காயும் அறையின் பெரிய அடுப்பருகில்தான் அதிக நேரம் நின்றார்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு கடதாசியும் பேனையும் கேட்டார். "இது விறாந்தை. இது சாமியறை. இது குசினி, புகைக்கூடு இந்தப் பக்கம். கிணற்றடியிலே ரெண்டு கமுகு. வேலியோட கறுத்தக்கொழும்பான் மா" என்று சொல்லிச் சொல்லிக் கீறினார். நடுவில் அழுதார். அழுதபடியே கீறி முடித்தார். பிறகு, "காணி உறுதி எங்கே பிள்ளை? அடுத்த முறை வரேக்க அதையும் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார்.

சகோதரிகளே, உங்களுக்கும் அப்படியொரு வீடு இருந்திருக்கும். ஆறுதலாக இருக்கும் ஒரு மாலையில் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அதை ஒரு கடதாசியில் கீறிப் பாருங்கள். கிணறு எங்கே, எல்லை எது, எந்த மரம் யார் நட்டது, அயலில் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். காணி உறுதி இருந்தால் அதனுடன் சேர்த்து வையுங்கள். உறுதி தொலைந்துபோயிருந்தால், பிரதி எடுப்பதற்குக் காணிப் பதிவகத்தில் விசாரியுங்கள். எல்லையும் அயலவர் பெயரும் எழுதியிருந்தால் அங்கேயும் உதவும். எழுதும்போது அழுகை வந்தால் அழுங்கள். தனியே இருக்க முடியாவிட்டால் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

பெரியம்மா கீறிய கடதாசி இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் அந்த வீட்டுக்கு அவர் கூரையும் போட்டிருக்கிறார்.